கௌடர் என்னும் பட்டமும் நம் முன்னோர் மலையேறிய வரலாறும்

நம் குலத்துப் பிள்ளை ஒருவன் சென்ற ஆண்டு சமவெளியிலுள்ள ஒரு கல்லூரியிற் சேர்ந்தான். அவன் தகப்பனார் பெயரின் ஈற்றில் ‘கௌடர்’ என்றிருப்பதைக் கண்ட உடன்மாணவர் சிலர், “நீ கொங்குநாட்டுக் கவுண்டனோ, மைசூர்க் கௌடனோ?” என்று வினவினராம். இரண்டும் அன்று என்று சொல்லத் தெரிந்த அவனுக்கு, பின் யாது என்று சொல்லத் தெரியவில்லை. விடுமுறைக்கு ஊர் வந்தவன் நம்மிடம் அதனைக் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றோம்.

கௌடன் என்பது ஆதியில் ஒரு ஜாதியின் பெயரன்று, உத்தியோகத்தின் பெயர். பழைய கன்னடச் சாஸனங்களில் காமுண்டன், காவுண்டன் என வரும் சொல் ஊர்த்தலைவனைக் குறிப்பது. அச்சொல்லே கொங்குநாட்டிற் கவுண்டர் என்றும், மைசூர்ச் சீமையிற் கௌடர் என்றும் வழங்கலாயிற்று. கிராமகூடன் என்னும் வடசொல்லினின்று அது திரிந்தது என்பது அறிஞர் சிலர் கொள்கை. பட்டம் ஒன்றாயிருத்தலால் குலமும் ஒன்றாதல் வேண்டும் என்பதில்லை. நாயக்கர், முதலியார், பிள்ளை முதலிய பட்டங்களை எத்தனை வகுப்பார் தரித்திருக்கின்றனர் என்பதை நோக்குக. நம் மலையிலும் அட்டிதோறும் ஒரு கௌடன் உண்டு; தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தைநாடு என்னும் நான்கு சீமைகளுக்கும் தலைவர் உண்டு; நாக்குபெட்டத்துக்கும் ஒருவராய்த் தூனேரியில் வீற்றிருப்பவர் பெருங்கௌடர். இவ்வாறு தலைவனுக்கே உரித்தாயிருந்த சொல், தமிழ் வழக்கின்படி மரியாதை விகுதி ஏற்று, காலப்போக்கில் நம்மவர் பலருடைய பெயர்க்கும் பின்னே ஒட்டிக்கொண்டது. உபதலை ராவ்பகதூர் ஆரி கௌடர் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, 1935-இல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தையும் நிறுவிய காலத்தில் அப்பட்டம் சமவெளியாருக்கும் நன்கு பழக்கமாயிற்று.

நம்முள் வழங்கும் பிரிவுகளின் பெயர்களையும் ஒருங்குவைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். உடையார் என்பது ஆள்வோன், அதிகாரி என்பது மேற்பார்வை செய்வோன், கணக்கர் கணக்கெழுதுவோர், கௌடர் ஊர்த்தலைவர், தொரெயர் ஏவல் செய்வோர். ஒரு நாட்டின் கிராம பரிபாலனம் முழுவதையும் மூட்டை கட்டி மலைமேற் கொண்டுவந்தாற்போல் இப்பெயர்கள் நிற்கின்றன. வேடரும் இடையரும் தமக்குத் தாமே கணக்கர் என்று பெயர் வைத்துக்கொள்ளார். அரசும் வரியும் ஏடும் இருந்த ஒரு நாட்டினின்று வந்தவரே நம் முன்னோர் என்பதற்கு இதனினும் தெளிந்த சாட்சி வேண்டுமோ?

இனி, படகர் என்னும் பெயர். கன்னடத்திற் படக என்பது நம் தமிழின் வடக்கே, வடகரே படகர். வடக்கேயிருந்தவரை யாரும் வடக்கே இருந்துகொண்டு வடக்கர் என்று அழையார். தெற்கே வந்தபின் பிறர் இட்ட பெயராகவே அது இருத்தல் வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவரைத் துன்புறுத்திய விஜயநகரப் படையினரையும் போர்த்துக்கேசியர் படகர் என்றே எழுதினர். அப்படையினருக்கும் நமக்கும் உறவில்லை. வடவர் என்னும் பொதுப்பெயரே அங்கும் வழங்கியது. பிற்காலத்து ஆங்கிலேயர் நம்மை ‘பர்கர்’ என்று எழுதிவைத்த வேடிக்கையையும் சொல்லாதிருக்க முடியவில்லை.

மலையேறிய கதையை நம் பாட்டிமார் பலவாறு கூறுவர். சகோதரர் சிலருக்கு ஒரு தங்கை. அவளை ஒரு முகம்மதிய அரசன் விரும்பினான். மானங்காக்க அவர்கள் இரவோடிரவாகத் தலமலை வழியே ஓடிவந்தனர் என்பது அதன் சாரம். அவ்வரசன் திப்பு சுல்தான் என்று கூறுவாரும் உளர். இது பொருந்தாது. 1603-இல் மலையாளக் கரையினின்று ஏறிவந்த பெனீசியோ என்னும் இத்தாலியப் பாதிரியார், இம்மலையில் தோதவரோடு படகரையும் அவர்தம் ஊரையும் கண்டதாக எழுதியுள்ளார். திப்பு பட்டத்துக்கு வந்ததோ 1782-இல். ஏறக்குறைய 180 ஆண்டு பிற்பட்ட அரசனுக்கு அஞ்சி நம் முன்னோர் ஓடியிருத்தல் இயலாத காரியம். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின், மைசூரின் தென்பகுதியிற் குழப்பம் மிகுந்த காலத்தில், ஒரே நாளிலன்றிச் சிறுசிறு கூட்டங்களாக அவர்கள் ஏறியிருத்தல் கூடும் என்று கொள்வாருள் ஹாக்கிங்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் முதன்மையானவர். கர்ணபரம்பரைக் கதையிற் பெயர் மாறியிருக்கலாம். ஓடிவந்த துயரம் பொய்யென்று நாம் சொல்லோம்.

அறுவடைதோறும் நம்மவர் தோதவருக்குத் தானியம் அளந்து கொடுத்துவந்த வழக்கமும் இதற்கு அனுகூலம். மண்ணுக்கு முந்தியவர் தோதவர் என்பதை ஒப்புக்கொண்டே நம் முன்னோர் ஏர் பிடித்தனர். அதனால் அவர்களுக்குச் சிறுமை உண்டாயிற்று என்று நாம் எண்ணவில்லை.

நம்முள் ஒருசாரார் இவ்வரலாற்றை மறுத்து, நாம் இம்மலையின் ஆதிக்குடிகளே என்பர். பழங்குடியினர் அட்டவணையில் நம்மைச் சேர்க்கவேண்டும் என்னும் விண்ணப்பத்துக்கு வந்தேறிக் கதை ஊறு செய்யுமென்பது அவர்கள் அச்சம். அவர்கள் காட்டும் ஆதாரங்களுள் மொழியே வலியது. எமனோ என்னும் மொழியறிஞர் 1939-இல், நாவை வளைத்து ஒலிக்கும் உயிரெழுத்துக்கள் நம் பேச்சில் உண்டென்று காட்டினார். இன்றைய கன்னடத்தில் அவை இல்லை. ஆயினும் பிரிவினைக்குப் பின் பல தலைமுறை இம்மலையிலேயே வாழ்ந்த மொழி வேறுபடுதல் இயல்பே. விண்ணப்பம் நியாயமாயின் அது நம் இக்கால நிலையைக் கொண்டே நிற்கட்டும். பாதிரியாரின் ஏட்டை மறைத்து நிற்கவேண்டியதில்லை. 400 ஆண்டுக்கு மேற்பட்ட வாசம் அற்பமோ?

அப்பிள்ளை இவ்வளவும் கேட்டபின், “எங்கள் வீட்டார் முதலில் எந்த அட்டியில் இருந்தனர்?” என்றான். அதனை நாம் அறியோம்; அவன் பாட்டியார் அறிவார். எண்பது கடந்த அம்மூதாட்டி சொல்லச்சொல்ல அவன் எழுதிக்கொண்டு வருகின்றான். நேயர்களும் தத்தம் வீட்டுப் பெரியோர் சொல்வதை எழுதி அனுப்பின், வரும் இதழ்களில் அட்டி அட்டியாக வெளியிடுவோம்.