வைக்கோல் பரணில் கண்ட நிறமி

மூச்சுவிடுதலை 'உயிர்த்தல்' என்று சொன்ன மொழி நம்முடையது. உயிர் என்னும் பெயரும் அவ்வினையும் ஒரே சொல்லில் நிற்கின்றன. எனினும் நம்மில் பலருக்குச் சுவாசம் என்றால் நுரையீரலோடு முடிந்துவிடுகிறது. உண்மையான உயிர்ப்பு அதற்குப் பிறகே தொடங்குகிறது: உள்ளே சென்ற ஆக்சிஜன் ஒவ்வொரு உயிரணுவிலும் உணவின் சாரத்தைச் சந்திக்கிறது. அந்தச் சந்திப்பின் முதல் தடயத்தைக் கண்டவர் பேராசிரியர் அல்லர். ஊர் மருத்துவர் ஒருவர். அவர் கதையையே இங்குச் சொல்ல விழைகிறோம்.

சார்லஸ் அலெக்சாண்டர் மக்மன் 1852இல் அயர்லாந்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் மருத்துவம் பார்த்தவர். குதிரை லாயத்தின் மேலிருந்த வைக்கோல் பரண்தான் அவருடைய ஆய்வுக்கூடம். அங்கே அவரிடம் ஒரு நிறமாலைகாட்டி இருந்தது. ஒரு பொருளின் ஊடாக வரும் ஒளியை அக்கருவி வானவில்லாக விரித்துக் காட்டும்; பொருள் விழுங்கிய நிறங்களின் இடத்தில் கரும்பட்டைகள் தெரியும். எந்தப் பட்டை எங்கே விழுகிறது என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

தசைகளிலும் பிற திசுக்களிலும் மக்மன் கண்ட பட்டைகள் ஹீமோகுளோபினுக்கு உரியவையாக இல்லை. ஹீமோகுளோபினே இல்லாத பூச்சிகளின் தசையிலும் அதே பட்டைகள் இருந்தன. தசையில் உள்ள நிறமிக்கு மயோஹெமட்டின் என்றும், பிற திசுக்களில் உள்ளதற்கு ஹிஸ்டோஹெமட்டின் என்றும் பெயரிட்டு, இவை திசுக்களின் சுவாசத்தில் பங்கேற்பவை என்று 1886இல் எழுதினார்.

எதிர்ப்பு ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து வந்தது. ஹீமோகுளோபினுக்கு அப்பெயரையே சூட்டிய ஃபெலிக்ஸ் ஹோப்பே-ஸைலர் அங்கே இருந்தார். உடலியல் வேதியியலுக்கென ஓர் ஆய்விதழை நிறுவி நடத்தியவரும் அவரே. மக்மன் கண்டது ஹீமோகுளோபின் சிதைந்து உண்டான பொருளே என்றது அவருடைய தரப்பு. புறாவின் மார்புத்தசையைப் பற்றி வாதிட்டார்கள். பூச்சிகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1890இல் மேலும் விவாதம் வேண்டியதில்லை என்று ஆசிரியர் குறிப்பெழுதிக் கதவைச் சாத்தினார் ஹோப்பே-ஸைலர். சிற்றிதழ்ச் சண்டைகளை அறிந்த நமக்கு இக்காட்சி புதிதல்ல. ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: மக்மனிடமும் பிழை இருந்தது. தசையிலிருந்து அவர் பிரித்தெடுத்ததாகக் காட்டிய சாறு உண்மையில் ஹீமோகுளோபினிலிருந்து வந்ததே. அந்த ஒரு பிழை அவருடைய சரியான கண்டுபிடிப்பையும் சேர்த்து அடித்துக்கொண்டு போயிற்று. 1911இல் அவர் மறைந்தார்.

பிறகு கேம்பிரிட்ஜ். டேவிட் கெய்லின் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தவர். குதிரையின் இரைப்பையில் வளரும் ஈயின் புழுவில் இருக்கும் ஹீமோகுளோபின், ஈயாக மாறியபின் என்னவாகிறது என்று பார்க்கப் போனார். ஈயின் தசையில் நான்கு பட்டைகள் தென்பட்டன. அதே பட்டைகள் ஈஸ்ட்டிலும் இருந்தன. ஈஸ்ட் கலந்த நீரைக் காற்றுப்படக் குலுக்கினார், பட்டைகள் மறைந்தன. சற்று நேரம் அசையாமல் வைத்தார், திரும்பி வந்தன. உயிரணு மூச்சுவிடுவதைக் கண்ணால் காண்பது போன்ற கணம் அது! சயனைடு சேர்த்தபோதோ குலுக்கியும் பட்டைகள் மறையவில்லை. அந்நஞ்சு கொல்லும் வழியும் அதில் தெரிந்தது. 1925இல் அந்நிறமிக்கு சைட்டோகுரோம் என்று பெயரிட்டார். அது ஒன்றல்ல, மூன்று கூறுகள் என்றும் காட்டினார். தமக்கு முன் இதைக் கண்டவர் மக்மன் என்பதையும் தவறாமல் பதிவு செய்தார்.

இப்போது நாம் அறிந்த முறை இது. உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் சைட்டோகுரோம்கள் வழியே கைமாறிக் கைமாறி ஆக்சிஜனைச் சேர்கின்றன, நீர் உண்டாகிறது. வழியில் வெளிப்படும் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வின் வெளிப்புறம் தள்ளுகிறது. தேங்கிய அவை மடை திறந்த நீராய் உள்ளே திரும்பும்போது ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு உருவாகிறது. இந்தப் புரோட்டான் கருத்தை 1961இல் முன்வைத்த பீட்டர் மிட்செலும் நெடுங்காலம் ஏற்கப்படாமல் இருந்தவர்தான். 1978இல் நோபல் பரிசு பெற்றபோது தம் உரையின் தலைப்பிலேயே கெய்லினின் பெயரை வைத்தார்.

மக்மனின் நூலொன்று அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1914இல் வெளிவந்தது. தம் நிறமி என்றேனும் பாடநூல்களில் இடம்பெறும் என்ற நம்பிக்கையை அதில் எழுதி வைத்திருந்தார். இடம்பெற்றது, கெய்லின் சூட்டிய பெயரில்.