பாஸ்டனிலிருந்து மெட்ராசுக்கு வந்த ஐஸ்

மதுரை கத்திரி வெயிலில் ஜிகர்தண்டா குடிக்காதவர் யார்? கடைக்கு வரும் பெரிய ஐஸ் கட்டியைச் சாக்கு போட்டு மூடி வைப்பார்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்தே இந்தியாவுக்கு ஐஸ் கப்பலில் வந்தது என்றால் நம்ப முடிகிறதா?

பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்துபோகும் குளங்களில் ஐஸை வெட்டி விற்றவர். 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பலில் சுமார் 180 டன் ஐஸைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். அப்படியும் சுமார் 100 டன் மிஞ்சியது!

எப்படி? வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல என்பதில்தான் விடை இருக்கிறது. உருகும் ஐஸில் தெர்மாமீட்டரை வைத்தால், முழுவதும் உருகும்வரை 0 டிகிரி செல்சியசிலேயே நிற்கும். வெப்பம் உள்ளே போகிறது, வெப்பநிலை ஏறவில்லை. 1 கிராம் ஐஸ் உருக மட்டும் சுமார் 80 கலோரி வேண்டும். அதே 80 கலோரி, உருகிய தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடும்! இதைத்தான் 'உள்ளுறை வெப்பம்' என்கிறோம். 1760-களில் இதை விளக்கியவர் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக். ஐஸைச் சுற்றி வைத்த மரத்தூள் போன்றவை, வெளி வெப்பம் சீக்கிரம் உள்ளே போகாமல் தடுத்தன.

மெட்ராசுக்கு வந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். பிறகு இங்கேயே ஐஸ் செய்யும் இயந்திரங்கள் வந்தன, கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம். ஐஸ் உருகிப் போனாலும், அந்தப் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் மட்டும் இன்னும் உருகவில்லை!