கல்யாணம் ஆனதும் பழைய உயில் செல்லாது: உங்கள் சொத்து யாருக்குப் போகும்?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் புடவை, மாலை எல்லாம் பார்த்தாச்சு. மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாச்சு. ஆனால் கல்யாண வேலைப் பட்டியலில் ஒன்றுக்கு மட்டும் பெரும்பாலும் இடம் இருக்காது: உயில்.

"அதெல்லாம் தாத்தா பாட்டி சமாச்சாரம்" என்று தோன்றலாம். ஆனால் நீங்கள் வேலைக்குச் சேர்ந்ததுமே உங்கள் பெயரில் ஊழியர் சேமநிதி, அதாவது இபிஎஃப் பணம் சேரத் தொடங்கிவிடுகிறது. பிறகு ஒரு கார், ஒரு காப்புறுதி, கிள்ளானில் தவணை கட்டும் ஒரு வீடு. இவை யாருக்கு என்று நீங்கள் எழுதி வைக்காவிட்டால், உங்களுக்குப் பதிலாகச் சட்டம் முடிவு செய்யும்.

உயில் இல்லையென்றால் யாருக்கு எவ்வளவு?

தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம் பொருந்தும். முஸ்லிம்களுக்கு ஃபராயிட் முறை. அதன் விதிகள் வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிள்ளானில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். மனைவி, 2 பிள்ளைகள், அப்பா, அம்மா இருக்கிறார்கள். கடன் போக மிச்சம் 4 லட்சம் ரிங்கிட். எல்லாம் மனைவிக்குத்தான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி:

- மனைவிக்கு கால் பங்கு: 1 லட்சம் ரிங்கிட்
- பிள்ளைகளுக்கு பாதி: 2 லட்சம் ரிங்கிட்
- பெற்றோருக்கு கால் பங்கு: 1 லட்சம் ரிங்கிட்

பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இல்லாமல் பெற்றோர் மட்டும் இருந்தால் ஆளுக்குப் பாதி. மனைவி இறந்து கணவர் இருந்தாலும் இதே கணக்குதான்.

பெற்றோருக்குப் பங்கு கிடைப்பது தப்பில்லை. ஆனால் சொத்து என்பது ஒரே ஒரு வீடாக இருந்தால்? ரொக்கத்தைப் பிரிக்கலாம், வீட்டை எப்படிப் பிரிப்பது? பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழ் என்றால், அவர்களின் பங்கு உள்ள வீட்டை விற்க நீதிமன்ற அனுமதியும் தேவைப்படும். சண்டை பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னொன்று: சேர்ந்து வாழும் துணைக்கும், சட்டப்படி தத்தெடுக்காத வளர்ப்புப் பிள்ளைக்கும் இந்தச் சட்டத்தில் பங்கு இல்லை. கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தாமல், திருமணத்தைத் தேசியப் பதிவிலாகாவில் பதிவு செய்யுங்கள். பங்கு கேட்டுப் போகும்போது முதலில் கேட்கப்படுவது அந்தச் சான்றிதழ்தான்.

கல்யாணம், குழந்தை, விவாகரத்து: எது எதை மாற்றும்?

கல்யாணம்: 1959-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். 'இன்னாரைத் திருமணம் செய்யப் போகிறேன்' என்பதை மனதில் வைத்து எழுதியதாக உயிலிலேயே குறிப்பிட்டிருந்தால் மட்டும் அது நிற்கும்.

குழந்தை: உயில் ரத்தாகாது. அதே சமயம், புதிய குழந்தையின் பெயர் தானாக அதில் சேர்ந்துவிடவும் செய்யாது. உங்கள் இருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளையை வளர்க்க வேண்டியவர் யார் என்பதையும் உயிலில் எழுதலாம்.

விவாகரத்து: இதுதான் பலரையும் ஏமாற்றிவிடும். திருமணம் உயிலை ரத்து செய்யும், விவாகரத்து ரத்து செய்யாது. பழைய உயிலில் முன்னாள் கணவர் அல்லது மனைவியின் பெயர் இருந்தால், நீங்கள் மாற்றும் வரை அப்படியே இருக்கும்.

இபிஎஃப் பணமும் உயிலுக்குள் வருமா?

நாமினி போட்டிருந்தால் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரைக் கொடுத்தீர்களா? கல்யாணம் ஆனாலும் அந்தப் பெயர் தானாக மாறாது. உயிலில் வேறு பெயர் எழுதினாலும் இபிஎஃப் நியமனத்தை அது மாற்றாது. நாமினி உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால், அந்த நியமனம் ரத்தாகிவிடும்.

காப்புறுதிக்கும் தனி நாமினி உண்டு. முஸ்லிம் அல்லாத ஒருவர் கணவர், மனைவி அல்லது பிள்ளைகளை நியமித்தால், அந்தப் பணம் அவர்களுக்கே சேரும். கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. கணவரோ மனைவியோ பிள்ளையோ இல்லாதவர் பெற்றோரை நியமித்தாலும் இதே பாதுகாப்பு உண்டு. அண்ணன், தங்கை, நண்பர் போன்றவர்களை நியமித்தால், அவர்கள் பணத்தைப் பெற்றுப் பிரித்துக் கொடுப்பவர்கள் மட்டுமே.

உயில் எழுத என்ன தேவை?

- உங்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். தெளிவான மனநிலையில் இருக்க வேண்டும்.
- எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரல் பதிவு செல்லாது.
- 2 சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க நீங்கள் கையெழுத்திட வேண்டும். அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்.
- சொத்து பெறுபவரோ, அவருடைய கணவர் அல்லது மனைவியோ சாட்சியாக இருக்கக் கூடாது. இருந்தால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது.

வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ஆனால் வீடு, நிலம், பாகப்பிரிவினைச் சிக்கல் இருந்தால் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. அமானா ராயா போன்ற அறங்காவல் நிறுவனங்களும் உயில் எழுதித் தருகின்றன. மலேசியாவில் 1991-ல் மரணச் சொத்து வரி நீக்கப்பட்டதால், அந்தக் கவலை வேண்டாம்.

எழுதாமல் விட்டால் குடும்பம் எங்கே போகும்?

உயில் இல்லாமல் நிலமோ வீடோ இருந்து, மொத்தச் சொத்து 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால், நில அலுவலகம் வழியாகச் செல்லும் சிறு சொத்துப் பகிர்வு முறை உண்டு. 2024 ஜூலை வரை இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. அதற்கு மேல் என்றால் உயர் நீதிமன்றம். அங்கே நிர்வாகியாகப் பொறுப்பேற்பவரிடம் பொதுவாக ஜாமீன்தாரர்களையும் கேட்பார்கள்.

துக்க வீட்டில் 16-ஆம் நாள் காரியம் முடிவதற்குள், வங்கிக் கணக்கு எங்கே, வீட்டுப் பத்திரம் எங்கே என்று அம்மாவும் மனைவியும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இன்று இரவே ஐ-அக்காவுன் செயலியைத் திறந்து, நாமினி யார் என்று பாருங்கள். பிறகு உங்கள் கணக்குகள், காப்புறுதி, கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அது எங்கே இருக்கிறது என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கல்யாணம், குழந்தை, விவாகரத்து, வீட்டில் ஒரு மரணம் என வாழ்க்கை மாறும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள்.