பலருக்காக ஒருவர்

லங்காட் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் கேரி தீவு அமைந்துள்ளது. செம்பனைத் தோட்டங்களில் உழைத்த தமிழருக்கும், மா மெரி எனும் பூர்வகுடியினருக்கும் அது தாய்மண். அத்தகைய ஊரில் இன்னல் நேரின், அது ஒருவரை மட்டும் தாக்குவதன்று. கூலிச் சிக்கலைத் தொழிற்சங்கம் எடுத்துரைக்கும். மண்ணும் மனையும் பறிபோகுங்கால் எல்லார்க்குமாக வழக்காட வல்லவர் யார்?

இவ்வினாவிற்கு 1901இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை விடை பகர்ந்தது. கோவென்ட் கார்டன் சந்தையில் உரிமை கோரிய விளைவிப்போர் சிலர், தம்மையொத்த பிறர்க்காகவும் வழக்காடலாம் என அது தீர்ப்பளித்தது. நலன் பொதுவாதல், குறை பொதுவாதல், தீர்வு அனைவர்க்கும் பயன்படுதல் ஆகியனவே அளவுகோல்கள். அந்நெறி 1980ஆம் ஆண்டின் உயர்நீதிமன்ற விதிகள் வழியாகவும், பின்னர் 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் வழியாகவும் மலேசியாவில் நிலைபெற்றது. குடியியல் வழக்குகளில் இவ்விதி மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுவதில்லை.

அமெரிக்காவிலோ ஒவ்வொரு மாநிலமும் தனக்கென விதி வகுத்துக்கொள்ளும். சட்டம் விதித்த தண்டத்தொகையைக் கோரும் கூட்டு வழக்குகளை நியூயார்க் மாநிலம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரிதும் தடுத்தது. அத்தடை கூட்டரசு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. ஒரே ஊரில், ஒரு மன்றத்தில் மூடிய கதவு மற்றொன்றில் திறந்தது. இந்தியாவின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டமோ, நீதிமன்றத்தின் அனுமதியையும், தொடர்புடைய அனைவர்க்கும் அறிவிப்பையும் வேண்டுகிறது.

லங்காட் ஆற்றங்கரை ஊராகிய டிங்கிலில், அனைத்துலக விமான நிலையத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் மக்களின் நிலம் ஏறக்குறைய 38 ஏக்கர் 1995இல் கைப்பற்றப்பட்டது. சாகோங் தாசி முதலிய எழுவர் வழக்குத் தொடுத்தனர். தம் குடும்பத்தார்க்காகவும் வாதிட்டனர். ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் 2002இலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இலும் அவர்தம் நிலவுரிமையை ஏற்றன. 2010இல் 65 இலட்சம் வெள்ளி இழப்பீட்டுடன் வழக்கு முடிவுற்றது.

பிறர்க்காகத் தொடுக்கும் வழக்கில் வென்றால் பயன் அனைவர்க்கும் உரியது. தோற்றால் மன்றம் ஏறாதவரையும் தீர்ப்புப் பிணிக்கும். ஆதலின், ஊருக்காக வழக்காட முன்வருவோர் முதற்கண் ஊராரின் இசைவைப் பெறுதல் வேண்டும். விதி அதனை வற்புறுத்தாவிடினும் அறம் வற்புறுத்தும்.