துறைமுகமே ஊரான கதை: சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடத்தப்பட்டவர்கள்

செங்கல்பட்டுச் சீமையிலுள்ள கருங்குழியிலிருந்து நேர் கிழக்கே, பாலாற்றைக் கடந்தால் முப்பது கிலோமீட்டருக்குள் சதுரங்கப்பட்டினம். கல்பாக்கத்தை ஒட்டிய அந்த ஊரில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டிய கோட்டை இடிந்த நிலையில் நிற்கிறது. உள்ளே அவர்களுடைய கல்லறைகள். இறந்தவர் யார், எந்த நாளில் இறந்தார் என்பதைக் கல்லில் ஆழமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதே ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையில் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிய மனிதர்கள் எந்த ஊரார் என்பதை எங்கே தேடுவது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது.

ஒல்லாந்தர் இங்கே துணி வாங்க வந்தவர்கள். 1619இல் ஜாவாவில் பத்தாவியா நகரை அமைத்தார்கள். 1621இல் சாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த மக்களைக் கொன்றும் விரட்டியும் தீவுகளை வெறுமையாக்கினார்கள். தோட்டத்துக்கும் புதிய நகரத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் நிலையோ வேறு. 1614இல் விஜயநகர அரசர் வெங்கடபதி இறந்தபின் வாரிசுச் சண்டை மூண்டு, வடதமிழ்நாடு முழுதும் படைகள் அலைந்தன. மழையும் பொய்த்தது. 1622–23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து 1,900 அடிமைகள் ஏற்றப்பட்டார்கள். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் குறிப்பிட்டார்கள். ஒரு பஞ்சத்தின் அளவைச் சொல்ல இதைவிடக் கொடிய சான்று இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இந்த வாணிபம் ஆண்டுதோறும் ஒரே சீராக நடக்கவில்லை. உள்நாட்டில் படை வந்தால், பயிர் தீய்ந்தால், கரையில் ஆள் விலை விழுந்தது, கப்பல்கள் நிறைந்தன. தமிழ்நாட்டின் நாயக்க அரசர்கள் பீஜப்பூர் சுல்தானை எதிர்த்ததும் தஞ்சைச் சீமை சூறையாடப்பட்டது. 1646இல் 2,118 பேர் பத்தாவியாவுக்குப் போனார்கள், பெரும்பாலோர் தென்கரையிலிருந்து. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றினர். அடுத்து வந்த 1659–61 பஞ்ச காலத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் அவர்கள் வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 வரை. பெரும்பகுதியினர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள். பசி தாங்காமல் தம்மையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. அவர்களை வாளால் பிடித்த கைதிகள் என்று சொல்ல முடியாது. ஆயினும் தாமாக இசைந்து போனவர்கள் என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை.

ஆங்கிலேயரும் ஒதுங்கி நிற்கவில்லை. 1687 செப்டம்பர் மாதம் மட்டும் சென்னைக் கோட்டையிலிருந்து 665 பேர் ஏற்றப்பட்டனர். பஞ்சத்தால் ஏழைகள் மலிந்திருப்பதையும் ஆள் மலிவாகக் கிடைப்பதையும் சுட்டிக்காட்டி, கரையை விட்டுப் போகும் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு வராகன் தீர்வை விதித்தது கோட்டை ஆலோசனை சபை. மறு ஆண்டே அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. கோல்கொண்டாவை வென்று புதிதாக வந்திருந்த மொகலாய ஆட்சியின் எதிர்ப்பு அதற்கு முக்கியக் காரணம். தடை வந்தபின்னும் பழக்கம் ஒழியவில்லை. புதுச்சேரியைச் சுற்றி ஆட்களை ஏமாற்றிப் பிடித்துக் கப்பலுக்கு விற்ற கும்பலைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1743இல் பேசுகிறது.

இந்தக் கரையில் அன்று கப்பல் அணையும் துறைமுகம் இல்லை. ஆழத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்கு, கயிற்றால் தைத்த படகில் அலை தாண்டிப் போக வேண்டும். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்ட ஒருத்திக்கு அந்தப் படகேற்றமே முதல் கடலாக இருந்திருக்கக்கூடும். இறங்கிய இடத்தில் பெயரும் போயிற்று. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு 1652 முதல் 1808 வரை கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 63,000 அடிமைகளில் கால்வாசிப் பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பது ஆய்வாளர் கணக்கு. அவர்களுக்குக் கிறித்தவப் பெயரோ, ரோமானியப் பெயரோ, செப்டம்பர், அக்டோபர் என்று மாதத்தின் பெயரோ வைத்தார்கள். அதன் பின்னால் ‘ஃபான் பாலியகாட்டே’, ‘ஃபான் நாகபட்னம்’ என்று ஓர் ஒட்டு. பழவேற்காட்டார், நாகப்பட்டினத்தார் என்று பொருள். சிலருக்கு ‘ஃபான் டெ குஸ்ட்’, அதாவது ‘கரையைச் சேர்ந்தவர்’ என்பதோடு சரி. இந்த ஒட்டை ஊர்ப்பெயராகப் படிக்கும் வழக்கத்தை ஆய்வாளர்கள் கைவிட வேண்டும். பெரும்பாலும் அது விற்ற இடத்தின் பெயர். பழவேற்காட்டார் என்று பதிவான ஒருவர் செஞ்சிப் பக்கத்து உழவராக இருக்கலாம், கருங்குழியைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம்.

கைதிகளின் இன்னொரு வரிசையும் இதே கரையில் உண்டு. 1780இல் மைசூரின் ஹைதர் அலியின் படை இறங்கியபோது கருங்குழிக் கோட்டை அவர் கைக்குப் போயிற்று. 1781 ஜனவரியில் ஆங்கிலேயர் அதை மீட்டனர். மறு ஆண்டு பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினக் கடலில் ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் தன்னிடமிருந்த ஆங்கிலக் கைதிகளை அந்த ஆகஸ்டில் கடலூரில் ஹைதரிடம் ஒப்படைத்தார். அவர்களில் ஒரு சிறுவன் ஜேம்ஸ் ஸ்கரி. ஏறத்தாழ பத்தாண்டு மைசூரில் கிடந்து தப்பியவர். அவர் பட்டதெல்லாம் 1824இல் நூலாக அச்சானது. அந்தத் துன்பம் உண்மையானது. அதே போரில் இந்தச் சீமையிலிருந்து மைசூருக்கு ஓட்டிச் செல்லப்பட்ட தமிழ்க் குடும்பங்களோ அப்படி ஒரு நூலையும் விட்டுச் செல்லவில்லை. பேரரசுக் காலக் கைதி என்றதும் உலகம் ஸ்கரியை நினைப்பதற்கு எழுத்தறிவும் அச்சகமும் காரணம். அனுபவித்தவர்களின் எண்ணிக்கை அல்ல.

1790இல் சென்னை அரசு அடிமை ஏற்றுமதியைத் தடை செய்தது. பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறை 1834இல் சட்டப்படி முடிவுக்கு வந்ததும், மொரீஷியசின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கினர். அக்காலத்தில் செங்கல்பட்டுச் சீமைக்குக் கருங்குழியே தலைநகராயிற்று. 1859 வரை அப்படியே இருந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள டர்பனை அடைந்தது. நன்னம்பிக்கை முனையில் செப்டம்பர் என்ற குடும்பப் பெயர் அதற்குள் தலைமுறை கண்டுவிட்டிருந்தது. நேட்டாலுக்குப் போனவர்களின் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் என்று பத்திகள் இருக்கின்றன. ஜில்லாவுக்கு உரிய பத்தியில் செங்கல்பட்டு என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.