வரியும் வாடகையும் வாக்கும்: பம்பாய் நகராட்சி வளர்ந்த வரலாறு

விடியற்காலையில் குழாயில் நீர் வரும் ஓசை கேட்டே நம் காலனி கண் விழிக்கின்றது. அண்டாவும் குடமும் நிறைகின்றன, காப்பி மணக்கின்றது. சற்று நேரத்தில் குப்பை வண்டி வருகின்றது; பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுகின்றனர்; பெரியவர்கள் சிவப்பு நிறப் பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர். இவை யாவும் இயல்பாகவே நடைபெறுவன என்று நாம் எண்ணிவிடுகின்றோம். ஆயின், இவற்றுள் ஒன்றேனும் தானாக வந்ததன்று. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு போராட்டமும், ஒரு சட்டமும், பலருடைய உழைப்பும் உள்ளன.

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர்களில் இலக்கியமும் கலையும் இடம் பெறுதல் மரபு. நம்மை நாள்தோறும் பேணிவரும் நகராட்சியின் வரலாறும் அவற்றோடு இடம் பெறுதல் தகுமென்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நீர் வந்த வகை

ஏழு தீவுகளை இணைத்து உருவாகிய பம்பாய், நெடுங்காலம் கிணறுகளையும் குளங்களையுமே நம்பி வாழ்ந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் நகரம் தவித்தது. மக்கள் தொகை பெருகப் பெருக அந்நீர் போதாதாயிற்று, தூய்மையும் கெட்டது. இந்நிலையில் மித்தி ஆற்றின் குறுக்கே அணை கட்டி, விகார் ஏரியிலிருந்து குழாய் வழியே நீர் கொணரும் திட்டம் வகுக்கப்பட்டது. 1860-ஆம் ஆண்டில் விகார் நீர் நகருக்குள் வந்தது. அதன்பின் 1879-இல் துளசி ஏரியும், 1892-இல் தான்சா ஏரியும் துணை நின்றன. விடுதலைக்குப் பிறகு, 1957-இல், வைதரணை ஆற்றின் அணை நிறைவேறியது. அதனை வகுத்த பொறியாளர் மோடக் அவர்களின் பெயரால் அந்நீர்த்தேக்கம் மோடக் சாகர் என்று வழங்குகின்றது. இன்று மும்பைக்கு நீர் தருவன ஏழு ஏரிகள். அவற்றுள் விகாரும் துளசியும் மட்டுமே நகர எல்லைக்குள் உள்ளன. ஏனையவை தொலைவிலுள்ள மலைச்சாரல்களில் உள்ளன. நாம் அருந்தும் ஒரு குவளை நீர் எத்தனை காதம் கடந்து வருகின்றது என்பதை எண்ணிப் பார்த்தால், குழாயை வீணே திறந்துவிட மனம் வருமோ?

வரி செலுத்தியோர் எழுப்பிய குரல்

1865-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நகரின் ஆட்சி, அரசு நியமித்த அமைதி நீதிபதிகளின் பெயரால் நடைபெற்றது. உண்மையான அதிகாரமோ நகராட்சி ஆணையரிடமே இருந்தது. ஆணையர் ஆர்தர் கிராபோர்டு பேராற்றல் படைத்தவர். சாலைகளை அகலப்படுத்தினார், சாக்கடைகளைச் செப்பனிட்டார், தம் பெயரால் நெடுநாள் வழங்கிய பெருஞ்சந்தையையும் எழுப்பினார். எனினும் செலவு கட்டுக்கடங்காமற் போயிற்று. தம் பணம் எவ்வாறு செலவாகின்றது என்று கேட்கும் உரிமை தமக்கு வேண்டுமென 1871-இல் வரி செலுத்துவோர் குரல் எழுப்பினர்.

அப்பொழுது இளம் வழக்கறிஞராக இருந்த பிரோஸ்ஷா மேத்தா ஒரு நடுநிலைக் கருத்தை எடுத்துரைத்தார். செயலாற்றும் ஆணையரும் வேண்டும். அவரைக் கண்காணிக்க மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமும் வேண்டும் என்பதே அக்கருத்து. 1872-இன் சட்டம் இவ்வழியிலேயே அமைந்தது. 64 உறுப்பினர் கொண்ட மன்றத்தில் பாதிப்பேரை, அதாவது 32 பேரை, வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். பின்னர் வந்த 1888-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றளவும், பல திருத்தங்களோடு, மும்பை மாநகராட்சியின் அடிப்படைச் சட்டமாக விளங்குகின்றது.

அச்சட்டத்தின் சிறப்பை நாம் அறிதல் வேண்டும். அது நகராட்சியின் கடமைகளை இருவகையாகப் பிரித்தது. நீர் வழங்கல், கழிவுநீர் அகற்றல், தெருத் துப்புரவு, தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு, தொடக்கக் கல்வி முதலியன கட்டாயக் கடமைகள். பூங்கா முதலானவை விருப்பக் கடமைகள். கட்டாயக் கடமையில் குறை நேர்ந்தவிடத்து நாம் கேட்பது சலுகையன்று, உரிமையே. போரிபந்தர் நிலையத்துக்கு எதிரே, 1893-இல் எழுந்த மாநகராட்சி மாளிகையின் முன் மேத்தாவின் சிலை நிற்பது இதனை நினைவூட்டுகின்றது.

கொள்ளைநோய் கற்பித்த பாடம்

1896-ஆம் ஆண்டு செப்டம்பரில் மாண்ட்வி வட்டாரத்தில் பரவிய காய்ச்சல் பிளேக் என்பதை டாக்டர் அக்காசியோ வியேகாஸ் கண்டறிந்து கூறினார். நகரம் நடுங்கியது. நோயாளரை வலிந்து பிரித்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், வீடுகளுட் புகுந்து சோதிக்கவும் அதிகாரிகள் முற்பட்டனர். நோக்கம் நன்றே; ஆயினும், மக்களிடம் எடுத்துரைத்து அவர்தம் இசைவைப் பெறும் பொறுமை அவர்களிடம் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். 1898 மார்ச்சில் மீண்டும் கலகம் மூண்டது. இதற்கிடையில் இலட்சக்கணக்கானோர் நகரை விட்டே வெளியேறினர்.

அதே வேளையில் ஆப்கைன் என்னும் அறிஞர் பிளேக் தடுப்பு மருந்தை ஆக்கி, 1897 சனவரி 10-ஆம் நாள் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். வற்புறுத்தல் ஒருபுறம், தன்னையே முன்னிறுத்தி நம்பிக்கை ஊட்டல் மறுபுறம். இவ்விரண்டில் மக்கள் மனத்தை வென்றது எது என்று நாம் சொல்லவும் வேண்டுமோ? பொதுத்தொண்டு எத்துணை நல்லதாயினும், மக்களின் நம்பிக்கை இன்றி நிலைபெறாது என்பதே பிளேக் கற்பித்த பாடம்.

மாதுங்கா எழுந்தது

காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கடியே நோய்க்கு விளைநிலம் என்று கருதி, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. கடற்காற்று நகருள் வீசும்வண்ணம் பிரின்சஸ் தெருவும் சாண்டர்ஸ்டு சாலையும் திறக்கப்பட்டன. நெருக்கமான பகுதிகள் இடிக்கப்பட்டன. இடிக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்த ஏழைகளுட் பலர், அருகில் இருந்த வேறு நெருக்கடியான இடங்களுக்கே செல்ல நேர்ந்தது. அந்த டிரஸ்டின் உறுப்பினருள் ஒரு சிறுபகுதியினரையே மாநகராட்சி தேர்ந்தெடுத்தது என்பதும், இடிபட்ட வீட்டார்க்கு அங்கே குரல் இல்லை என்பதும் இங்கே கருதற்பாலன.

எனினும் அந்த டிரஸ்ட் செய்த ஒரு பணி நம்மவர் வாழ்வோடு பிரிக்க இயலாதவாறு பிணைந்துவிட்டது. நகரின் வடபால் வயலும் சதுப்புமாய்க் கிடந்த தாதர், மாதுங்கா நிலங்களை அது வாங்கிச் சமன் செய்தது. அகன்ற சாலைகள், மர வரிசைகள், ஐந்து பூங்காக்கள், உயரம் வரையறுக்கப்பட்ட வீடுகள் என்று முறையாக வகுத்தது. 1920-களிலும் 1930-களிலும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, இரயில்வேயிலும் வணிக அலுவலகங்களிலும் பணியேற்க வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் இங்கே பெருவாரியாகக் குடியேறின. சால்களில் பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்ற காலம் போய், குளியலறையும் கழிப்பறையும் வீட்டினுள்ளேயே அமைந்த அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாதுங்காவில் தோன்றியது. மறு ஆண்டில், 1933-இல், டிரஸ்டின் பணிகள் மாநகராட்சியோடு இணைந்தன. கோயிலும் பஜனை மடமும் காய்கறிச் சந்தையும் நாம் அமைத்துக் கொண்டவை என்று பெருமை கொள்கிறோம். அப்பெருமை தக்கதே. அவை நிற்கும் தெருவையும் சாக்கடையையும் அமைத்தது பொதுப்பணம் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

வாடகைக்காரர் குடிமக்கள் ஆயினர்

இனி, நம்மவர்க்கு இன்றியமையாத ஒரு செய்தியைக் கூறுவோம். தொடக்கத்தில் வாக்குரிமை வரி செலுத்துவோர்க்கே உரியதாயிருந்தது. வரி செலுத்துவோர் என்றால் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரரே. பிழைப்பை நாடி வந்து, மாத வாடகைக்கு ஓர் அறை எடுத்து வாழ்ந்தவர்க்கு நகராட்சியில் குரல் இல்லை. 1922-இல் இந்நிலை மாறியது. மாதம் 10 ரூபாய் வாடகை செலுத்துவோரும் வாக்களிக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. 1948-இல் வயது வந்தோர் அனைவரும் வாக்களிக்கும் முதல் நகராட்சித் தேர்தல் நடைபெற்றது. எந்த ஊரில் பிறந்தவன், எம்மொழி பேசுபவன் என்று பாராமல், இந்நகரில் வாழ்பவன் என்ற ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட உரிமை இது.

1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியரை அயலார் என்று கூறி எழுந்த கிளர்ச்சியை நம் பெரியோர் மறந்திரார். கடைகளின் மீது கல் விழுந்த நாள்களும் உண்டு. அக்காலத்தே நம்மவர் கலங்கினர். ஆயினும் பெரும்பாலோர் நகரை விட்டு அகலவில்லை. அயலார் என்ற சொல்லுக்குத் தக்க விடை, வாக்காளர் பட்டியலில் நம் பெயரும், வார்டு அலுவலகத்தில் நம் வருகையும், அண்டை வீட்டாரோடு அவர் மொழியாகிய மராத்தியில் நாம் பேசும் நான்கு நல்ல சொற்களுமே ஆகும்.

பள்ளியும் மருத்துவமனையும்

1925-இல் கட்டாயத் தொடக்கக் கல்வி எப், ஜி என்னும் இரு வார்டுகளில் தொடங்கப்பட்டது. மாதுங்கா எப் வார்டிலும், தாராவி ஜி வார்டிலும் அடங்கியவை. மாநகராட்சிப் பள்ளிகள் மராத்தி, இந்தி, உருது, குசராத்தி, ஆங்கிலம், கன்னடம், தெலுங்கு, தமிழ் என எட்டு மொழிகளில் பாடம் கற்பித்து வருகின்றன. தமிழகத்துக்கு வெளியே, ஒரு நகராட்சி தன் செலவில் தமிழில் எழுத்தறிவிப்பது எத்துணைப் பெரிய செயல்! அவ்வகுப்புகளில் பிள்ளைகள் இல்லாவிடில் அவை நாளடைவில் மூடப்படும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

1926-இல் பரேலில் கே. ஈ. எம். மருத்துவமனையும், அதனோடு சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டன. கல்லூரியின் ஆசிரியர் பணிகளில் இந்தியரே அமர்தல் வேண்டும் என்பது அறக்கொடையாளரின் நிபந்தனை. அயலாட்சிக் காலத்தில் ஒரு நகராட்சி அந்நிபந்தனையை ஏற்று நிறைவேற்றியது நினைக்கத்தக்கது. சயானில் உள்ள மருத்துவமனை 1947-இல் தோன்றியது. அவ்வாண்டிலேயே, விடுதலைக்கு எட்டு நாள் முன்னதாக, ஆகஸ்டு 7-இல், டிராமும் பேருந்தும் மின்சாரமும் மாநகராட்சியின் உடைமை ஆயின. 1874-இல் குதிரை இழுத்த டிராம் 1907-இல் மின்சாரத்தால் ஓடி, 1964 மார்ச் 31-இல் ஓய்வு பெற்றது. 1926-இல் தோன்றிய பேருந்து இன்றும் ஓடுகின்றது.

தாராவியின் குழாய்

நம் வரலாற்றை மாதுங்காவோடு நிறுத்தல் நேர்மையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர் தாராவியில் வந்து குடியேறினர். அவர்களும் தமிழரே, நமக்கு முன்னரே இந்நகருக்கு உழைத்தவர். ஆயினும் அகன்ற சாலையும் வீட்டுக்குழாயும் நமக்கு வந்த காலத்தில் அவர்க்கு வரவில்லை. குடியிருப்பு முறையானதன்று என்ற காரணத்தால் குடிசைவாழ் மக்கள் பலர்க்குக் குழாயிணைப்பு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், குடியிருப்பின் முறைமையைக் காரணம் காட்டி எவர்க்கும் நீரை மறுத்தல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. 1860-இல் விகார் நீர் வந்த நகரில், இக்கருத்தை நிலைநாட்ட 154 ஆண்டுகள் ஆயின!

நம் கடமை

1950-இல் செம்பூர் முதலான புறநகர்களும், 1957-இல் முலுண்டு, தகிசர் வரையிலும் மாநகராட்சியின் எல்லைக்குள் வந்தன. 1992-இன் எழுபத்து நான்காம் அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியல் சட்டத் தகுதி அளித்து, வார்டுக் குழுக்களுக்கும் வழி வகுத்தது. சட்டம் இருந்தும் மன்றம் இல்லாத காலமும் நேர்ந்தது. 2022 மார்ச்சில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின், மூன்றாண்டுகளுக்கு மேலாக மாநகராட்சி நிர்வாகி ஒருவரின் பொறுப்பிலேயே இயங்கியது. 1871-இல் வரி செலுத்துவோர் எழுப்பிய வினா மீண்டும் எழுந்த காலம் அது.

ஆதலால் நம் குடும்பத்தார் ஒவ்வொருவரையும் வேண்டிக் கொள்வது இதுவே. உங்கள் வார்டின் எழுத்து எது, அதன் அலுவலகம் எங்கே என்பதை அறிந்து வையுங்கள். பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயரை வாக்காளர் பட்டியலில் சேருங்கள். குறை கண்டால் திண்ணையில் பேசி முடித்துவிடாமல் எழுத்தில் தந்து, பதிவு எண் பெறுங்கள். தெருக்கோடியில் துப்புரவு செய்பவரின் பெயரைக் கேட்டறியுங்கள். மழைநாளில் அவர்க்கு ஒரு குவளை காப்பி தருதல் நம் வீட்டுக்கு அழகு.

நாளை விடியற்காலையில் குழாய் ஓசை கேட்கும்பொழுது, அது எவ்வெவ் வழியாக வந்தது என்பதை ஒரு கணம் எண்ணுவோம். அக்குழாய் இன்னும் செல்லாத வீடுகளையும் எண்ணுவோம். நம்மை ஏற்று வாழவைத்த இந்நகர் வாழ்க! அதனைக் காக்கும் கடமையில் நம் தமிழ்க்குடும்பங்களும் பங்கு கொள்க!