ஏட்டுக் கணக்கும் நம்ம கணக்கும்



நான் குழு ஊக்குநராக இருந்தபோது, ஒரு மேலாண்மைக் கல்லூரியிலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு சார் வந்தார். "ஒருத்தர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் நெருக்குவார்கள். அதனால்தான் குழுக் கடன் திரும்பி வருகிறது" என்று போர்டில் படம் போட்டு விளக்கினார். நான் எழுந்து, "சார், போன மாசம் எங்க குழுவுல ஒரு அக்காவோட கறவை மாடு செத்துப்போச்சு. நாங்க நெருக்கல. மூணு மாசம் தள்ளிக் கட்டட்டும்னு தீர்மானம் போட்டோம்" என்றேன். "அது விதிவிலக்கும்மா" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1974-இல் வங்கதேசத்தில் பெரும் பஞ்சம். சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் நடத்திய முகமது யூனுஸ், வகுப்பில் சொல்லும் பாடம் வெளியே பசியில் கிடப்பவர்களுக்கு உதவவில்லை என்று கண்டார். பக்கத்து ஜோப்ரா கிராமத்துக்குப் போனார். அங்கே மூங்கில் முக்காலி செய்யும் பெண்கள், மூங்கில் வாங்க வியாபாரியிடம் கடன்பட்டு, அவர் சொன்ன விலைக்கே முக்காலியைக் கொடுத்துவந்தார்கள். இப்படிக் கடன்பட்ட 42 பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது 27 டாலர்தான்! ஜாமீன் இல்லாததால் வங்கி கடன் தரவில்லை. யூனுஸ் கைக்காசைக் கொடுத்தார். அது திரும்பி வந்தது. அந்த முயற்சிதான் 1983-இல் கிராமீன் வங்கியானது.

அதன்பிறகு படித்தவர்கள் ஆராய்ந்து, கூட்டுப் பொறுப்புதான் இந்த வெற்றிக்குக் காரணம் என்று எழுதினார்கள். ஆனால் 1998 வெள்ளத்தில் வீடும் பயிரும் போனபோது பலரால் கட்ட முடியவில்லை. எல்லாருமே நனைந்து நிற்கும்போது யார் யாரை நெருக்குவது? சில ஆண்டுகளில் கிராமீன் தன் விதிகளை மாற்றியது. முடியாதவர் தவணையை நீட்டிக்கொள்ளலாம். ஒருவர் கடனுக்கு இன்னொருவர் பொறுப்பில்லை. பிலிப்பைன்ஸில் ஆராய்ச்சியாளர்களே களத்தில் இறங்கி, ஒரு வங்கியின் குழுக்களில் கூட்டுப் பொறுப்பை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷம் ஆகியும் வசூல் குறையவில்லை.

நான் படிப்பைக் குறை சொல்லவில்லை. தீர்மான நோட்டும் பேரேடும் எழுத நான் கற்றது பயிற்சியில்தான். ஆனால் நம்ம நோட்டில் இருப்பதையும் அவர்கள் படிக்க வேண்டும்.

இப்போது நம் கூட்டமைப்பிலும், ஒருவர் தவறினால் குழுவுக்கே கடனை நிறுத்தலாம் என்று பேச்சு இருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் உங்க பழைய தீர்மான நோட்டை ஒருதடவை புரட்டிப் பாருங்க. கஷ்டம் வந்தவங்களுக்கு நாம் என்ன செய்தோம், அந்தப் பணம் வந்ததா இல்லையா என்று அதிலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து கூட்டத்தில் பேசுங்க.